கானாவியல்

நூல் செய்யப் புகுகிறவன் முதலில் தன் தகுதியைச் சொல்லிவிட வேண்டும் என்பது பாயிர மரபு. என் தகுதி இது. இரண்டு வருஷமாக ஜப்பானிய எழுத்துகளை வாசிக்கப் பழகுகிறேன். கைப்பேசியிலும் கணினியிலுமாகப் பதினான்கு கருவிகளில் கணக்குத் திறந்து, பதினான்குக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வைத்து, அதில் ஒன்பதை மறந்திருக்கிறேன். இன்றுவரை ஒரு முழுப் பக்கத்தைத் தட்டுத்தடுமாறாமல் வாசித்தது கிடையாது. என்னோடு ஒரே நாளில் தொடங்கிய அண்ணன் மகள், ஒரு கருவியும் ஒரு கோடு போட்ட நோட்டும் போதும் என்று நிறுத்திக்கொண்டாள். தேர்வெழுதித் தேறி இப்போது நாகோயாவில் வேலை பார்க்கிறாள். ஆக, கருவிகளைப் பற்றி நூல் செய்ய என்னைவிடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார். வாசித்துவிட்டுப் போனவர்களுக்குக் கருவிகளைப் பற்றி என்ன தெரியும்?

நூல் நுதலிய பொருள். ஜப்பானியர் ஒரே வாக்கியத்தில் மூன்று வகை எழுத்துகளைக் கலந்து எழுதுவார்கள். ஹிரகானா, கட்டகானா என்ற அசையெழுத்துகள் இன்றைய வழக்கில் ஆளுக்கு 46. இரண்டும் ஒரே ஒலிகளுக்குத்தான். ஹிரகானா வளைந்து நெளிந்தது. நாட்டுச் சொற்களுக்கும் விகுதிகளுக்கும் உரியது. கட்டகானா கத்தரித்துப் போட்ட மாதிரி இருக்கும். பெரும்பாலும் பிறமொழிச் சொற்களுக்கு. (வடசென்னைக் கானாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கேட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.) மூன்றாவது, சீனத்திலிருந்து வந்த கான்ஜி. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பானிய அரசு 2010இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2136 கான்ஜிகள் உள்ளன. அதில் 1026ஐத் தொடக்கப்பள்ளியின் ஆறு வகுப்புக்குள் பிள்ளைகள் படித்து முடித்தாக வேண்டும். அந்த வயதுப் பிள்ளைகளைத் தெருவில் பார்த்தால் எனக்கு இப்போது கொஞ்சம் மரியாதை வருகிறது.

இவற்றை வாசிக்கப் பழக்கும் கருவிகளை முன்னோர் பலவாறு பகுத்தனர். விலை கொடுத்துப் பெறுவன, கொடாமல் பெறுவன என்பது ஒரு பகுப்பு. முதல் மூன்று நிலை இலவசம், நான்காவதில் கட்டணம் என்று நடு வழியில் கதவு சாத்தும் கருவியை அதில் எங்கே வைப்பது? கானாவுக்கு உரியன, கான்ஜிக்கு உரியன என்பது இன்னொரு பகுப்பு. கானாவில் தொடங்கி நைசாகக் கான்ஜிப் பக்கம் அழைத்துப்போகும் கருவிகள் இதில் இரண்டு வீட்டிலும் சாப்பிடும். தட்டுவன, தேய்ப்பன, வரைவன என்று விரலின் தொழிலால் பகுத்தார் என் நண்பர் ஒருவர். அவர் எலும்பு மருத்துவர்.

இவை யாவும் கருவியைப் பார்த்துச் செய்த பகுப்புகள். பழகுகிறவன் முகத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பது என் துணிபு. புணர்தல், இருத்தல், ஊடல், இரங்கல், பிரிதல் என்று உள்ளத்தின் ஒழுக்கத்தை ஐந்தாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நிலமும் பொழுதும் ஒதுக்கிவைத்த மொழியில் பிறந்துவிட்டு வேறெங்கே போய்த் தேடுவது? கருப்பொருளுக்கும் குறைவில்லை. டுவோலிங்கோவுக்குப் புள், பச்சை ஆந்தை. வனிகனிக்கு விலங்கு, நண்டும் முதலையும் கலந்த ஒன்று. ஜப்பானியத்தில் வனி என்றால் முதலை, கனி என்றால் நண்டு. யாழும் பறையும் இல்லையே என்பீர்கள். அறிவிப்பு மணி இருக்கிறது.

முதலில் குறிஞ்சி. நிலம் படுக்கை, பொழுது யாமம். கானாவை மட்டும் கேட்கும் வினாடி வினாக் கருவிகள் எல்லாம் இதில் அடங்கும். ரியல் கானா, டோஃபுகுவின் கானா வினாடி வினா முதலியன. அட்டவணையில் எந்தெந்த வரிசை வேண்டும் என்று குறியிட வேண்டும். உடனே ஓர் எழுத்து தனியாக, பெரிதாக வந்து நிற்கும். அதன் ஒலியை ரோமன் எழுத்தில் தட்ட வேண்டும். சரியென்றால் அடுத்தது வரும். அவ்வளவுதான். முதற்பார்வைக் காதலுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. எதிரில் நிற்பது ஒருவர்தான். அவர் பெயர்தான் கேள்வி.

இந்தத் திணையில் தமிழருக்குச் சலுகை உண்டு. கானா அட்டவணையைப் பார்த்த முதல் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மேலிருந்து கீழாக அ, இ, உ, எ, ஒ. பக்கவாட்டில் அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. ஹ இருக்கும் இடத்தில் ப வைத்துப் பாருங்கள். பழைய ஜப்பானியத்தில் அது ப தான் என்கிறார்கள் மொழிநூலார். அப்புறம் மிச்சம் என்ன? நம் ஒன்றாம் வகுப்புச் சுவரில் தொங்கிய அட்டவணை. ங, ஞ, ட, ண, ழ எல்லாம் உதிர்ந்து போயிருக்கிறது, அவ்வளவே. ரத்த உறவு என்று துள்ள வேண்டாம். சுசுமு ஓனோ என்ற பெரிய அறிஞர் இரு மொழிக்கும் உறவுண்டு என்று பல காலம் வாதாடினார். மொழியியலாளர் பெரும்பாலோர் ஒப்பவில்லை. வரிசைக்குக் காரணம் வேறு. மந்திரங்களைப் பிழையில்லாமல் சொல்ல வேண்டும் என்று பௌத்தத் துறவிகள் சித்தம் என்ற இந்திய எழுத்தைச் சீனம் வழியாகக் கற்றார்கள். அந்த எழுத்தின் ஒழுங்கு கானாவிலும் ஒட்டிக்கொண்டது. இந்த அட்டவணைக்கு ‘ஐம்பது ஒலி’ என்று பெயர். எண்ணினால் 46 தான் தேறும். மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்களை எண்ணிப் பார்த்தவர்கள் இதைப் பெரிதுபடுத்த மாட்டார்கள்.

எழுத்து மனத்தில் நிற்பதற்குப் படம் காட்டும் கருவிகளும் குறிஞ்சியே. ‘கி’ என்ற எழுத்தைச் சாவியாக வரைந்திருப்பார்கள், ஆங்கிலத்தில் சாவி கீ என்பதால். நமக்கு ஏன் இந்தச் சுற்றுவழி? ஹிரகானாவில் ‘கு’ என்பது குனிந்து நிற்கும் ஒற்றைக் கோடு. குனி. ‘கொ’ என்பது மேலும் கீழுமாகப் படுத்த கோடுகள். கோடு. ‘இ’ என்பது அருகருகே நிற்கும் இரண்டு கீற்று. இரண்டு. மூன்று எழுத்தை இப்படி அரை நிமிடத்தில் முடித்தேன். மீதி நாற்பத்து மூன்றுக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

குறில் நெடில் பேதமும் நமக்குப் பாலோடு வந்தது. ஒபசான் என்றால் அத்தை, ஒபாசான் என்றால் பாட்டி. பிரு என்றால் கட்டடம், பீரு என்றால் பீர். கிதெ என்றால் வந்து, கித்தெ என்றால் தபால்தலை. அந்த ஒற்றைக் காட்ட ‘ட்ஸு’ எழுத்தைச் சிறியதாக நடுவில் செருகுவார்கள். ஒற்று மிகும் இடம் மிகா இடத்துக்காக அடிவாங்கி வளர்ந்தவனுக்கு இது சொந்த ஊர்த் தெரு. ஆனால் அதே தெருவில் ஒரு பள்ளமும் உண்டு. ‘கடல்’ என்பதில் ஒரு க, ‘அங்கே’ என்பதில் இன்னொரு க. இரண்டு ஒலிக்கும் தமிழில் ஒரே எழுத்து. ஜப்பானியர் இரண்டாவதன் தோளில் இரண்டு சின்னக் கீறல் போட்டுவிடுகிறார்கள். அப்படியொரு கீறல் இருப்பது என் கண்ணில் படவே ஒரு மாதம் ஆனது. தாய்மொழி கேட்காத வித்தியாசத்தைக் கண் எப்படிப் பார்க்கும்?

குறிஞ்சியில் ஆள்மாறாட்டம் இயல்பு. ஹிரகானாவில் ‘நெ’, ‘ரெ’, ‘வ’ மூன்றுக்கும் இடது பாதி ஒன்றே: நின்ற கோடு, அதைக் குறுக்கே வெட்டி மடிந்து எழும் கோடு. பேதம் எல்லாம் வலது ஓரத்தில், வால் முடியும் இடத்தில். நெ-யின் வால் சுருண்டு முடிச்சாகும். வ-வின் வால் உள்ளே வளைந்து அடங்கும். ரெ-யின் வால் வெளியே தெறிக்கும். கட்டகானாவில் இதைவிட மோசம். ‘ஷி’க்கு இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கீறல், அடியிலிருந்து மேலேறும் நீளக்கோடு. ‘ட்ஸு’வுக்கு உச்சியில் அருகருகே இரண்டு கீறல், மேலிருந்து கீழிறங்கும் நீளக்கோடு. ‘ஸொ’வும் ‘ன்’னும் இதே சண்டையை ஒரு கீறல் குறைத்து நடத்துகின்றன. கை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் இவற்றுக்குள் வேறுபாடு. எழுதிப் பழகியவளுக்கு அது மணிக்கட்டில் தெரிகிறது. தட்டிப் பழகியவன் எழுத்தை உற்று உற்றுப் பார்க்கிறான். அந்தக் கோடு போட்ட நோட்டின் மகிமை எனக்கு இவ்வளவு பிந்தித்தான் உறைத்தது.

ரோமன் எழுத்தால் வரும் வம்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1867இல் அகராதி வெளியிட்ட ஹெப்பர்ன் என்ற அமெரிக்க மிஷனரி மருத்துவர் பெயரால் ஒரு முறை வழங்குகிறது. 1954இல் ஜப்பானிய அரசு அறிவித்த குன்ரெய் முறை இன்னொன்று. ‘ஷி’ என்பதற்கு முன்னதில் மூன்று எழுத்து, பின்னதில் இரண்டு. நல்ல கருவி இரண்டையும் ஏற்கும். ஒரு கருவி, பெயர் வேண்டாம், என் இரண்டெழுத்தைப் பார்த்து ஒரு வாரம் சிவந்துகொண்டே இருந்தது. எனக்கு ஜப்பானியம் வரவில்லை என்று மனமுடைந்திருந்தேன். வராதது மிஷனரிதான்.

முல்லைக்கு வருவோம். உரிப்பொருள் இருத்தல். இந்நூலின் பெரும்பகுதி இங்கே செல்வது நியாயம், ஏனெனில் பழகுகிறவன் ஆயுளும் இங்கேதான் செல்கிறது. கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிப் போனவனுக்காகக் காத்திருப்பது பழைய முல்லை. இங்கே எழுத்து சொல்லிவிட்டுப் போகிறது, நாலு மணி நேரத்தில் வருகிறேன் என்று. சொன்ன சொல் தவறாமல் வரும். வந்து நின்று, ‘என் பெயர் என்ன?’ என்று கேட்கும். நமக்கு மறந்திருக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு இடைவெளிவிட்டு மீட்டல் என்று பெயர் வைக்கலாம். இதன் குருமரபு நீளமானது. ஜெர்மானியரான எபிங்ஹாஸ் பொருளில்லாத அசைகளைத் தானே உருப்போட்டு, தானே மறந்து, மறக்கும் வேகத்தை அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். அசைகளுக்குப் பொருள் இருந்தால் சோதனை கெட்டுவிடும் என்று பொருளை வேண்டுமென்றே நீக்கினார். இதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும். 1972இல் லைட்னர் என்பவர் கேள்வி அட்டைகளைப் பெட்டியின் அறைகளுக்குள் போட்டு, தெரிந்த அட்டையைப் பின்னறைக்கும் தெரியாததை முன்னறைக்கும் நகர்த்தும் முறையைப் பரப்பினார். 1987இல் போலந்தின் வொஸ்னியாக் அதைக் கணினியின் கையில் கொடுத்தார், சூப்பர்மெமோ. 2006இல் டேமியன் எல்ம்ஸ் ‘அன்கி’யை வெளியிட்டார். ஜப்பானியத்தில் அன்கி என்றால் மனப்பாடம். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இதே வேலையைப் பிரம்பு செய்தது. இடைவெளிதான் விடாது.

அன்கியில் ஓர் எழுத்தை எட்டு முறை மறந்தால் அந்த அட்டைக்கு லீச் என்று முத்திரை குத்திவிடும். லீச் என்றால் அட்டைப்பூச்சி. ரத்தம் குடிப்பதும் அட்டை, எழுத்து எழுதியதும் அட்டை என்று சிலேடையாக அமைந்தது தமிழுக்கு மட்டும் கிடைத்த பேறு. அதைச் செய்தவருக்கே இது தெரிந்திருக்காது. என் காலைச் சுற்றி இப்போது 61 அட்டைகள்.

வனிகனியில் இருத்தலுக்குப் படிநிலை உண்டு. புது எழுத்து முதலில் அப்ரெண்டிஸ்: நாலு மணி, எட்டு மணி, ஒரு நாள், இரண்டு நாள் என்று திரும்பத் திரும்ப வரும். தேறினால் குரு: ஒரு வாரம், இரண்டு வாரம். அடுத்து மாஸ்டர், ஒரு மாதம். அடுத்து ஞானம் பெற்ற நிலை, நாலு மாதம். அதிலும் தேறினால் எரிந்துவிடும், பிறகு வராது. இதில் எனக்குச் சில தத்துவக் குழப்பங்கள். குருவுக்கு மேலே மாஸ்டரை வைத்தவர்கள் நம்மூர் டீக்கடையைப் பார்த்ததில்லை. ஞானத்துக்கு அடுத்து தகனம் என்று வைத்தது மட்டும் சாஸ்திர சம்மதம்.

போன தை மாதம் உறவில் ஒரு கல்யாணம். கையில் அட்சதை, மேளம் கெட்டிமேளத்துக்குத் தயாராகிறது, சட்டைப்பையில் மணி அடித்தது. குரு நிலையிலிருந்த ஒரு கான்ஜி வந்திருக்கிறது. மனிதன் பக்கத்தில் ஒரு மரம்: மரத்தடியில் மனிதன், அதாவது ஓய்வு. எளிது. அடுத்து வந்ததில் தாலி கட்டியதையே பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலிப் பெரியவர் எட்டிப் பார்த்து, “என்னப்பா, ஷேர் மார்க்கெட்டா?” என்றார். “எழுத்துங்க ஐயா” என்றேன். “இந்த வயசுலயா?” என்றவர், அட்சதையில் பாதியை என் தலையிலேயே போட்டார்.

அடுத்து வந்தது எது என்று சொல்ல வேண்டும், ஏனெனில் முல்லையின் குறை அதில்தான் இருக்கிறது. பிறப்பு, உயிர், பச்சை என்றெல்லாம் பொருள்படும் ஒரு கான்ஜி, ஐந்தே கோடு. ஒரு சொல்லில் அது ‘செய்’, இன்னொன்றில் ‘ஷோ’, வாழ்தலில் ‘இ’, பிறத்தலில் ‘உ’, முளைத்தலில் ‘ஹ’, பீருக்கு முன்னால் வந்தால் ‘நம’. நம பீரு என்றால் பீப்பாயிலிருந்து பிடித்த பீர். நமசிவாயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இவற்றில் எது என்பதைப் பக்கத்தில் நிற்கும் எழுத்துதான் தீர்மானிக்கும். ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி இருக்காது, ரகரமும் காலும் ஒன்றாகவே இருக்கும். படித்தவர்கள் அக்கம்பக்கம் பார்த்துத்தான் படித்தார்கள். கருவியோ அக்கம்பக்கத்தையெல்லாம் துடைத்துவிட்டு, எழுத்தை நட்டநடுவில் நிறுத்தி, இது என்ன என்று கேட்கிறது. அந்தக் கேள்வியை ஜப்பானில் எந்தப் பலகையும் எந்தப் புத்தகமும் யாரிடமும் கேட்டதில்லை. எபிங்ஹாஸ் பொருளை நீக்கினார் என்றேனே, அவருக்கு வேண்டியிருந்தது மறதி. எனக்கு வேண்டியது வேறு.

ஹைசிக் என்ற ஆசிரியரின் கான்ஜி நூல் முதல் தொகுதியில் உச்சரிப்பே கிடையாது. வடிவத்தையும் பொருளையும் ஒரு கதையால் முடிச்சுப் போடுவதோடு சரி. அந்தக் கதைகளைப் பழகுகிறவர்களே எழுதிப் பரிமாறிக்கொள்ளும் கான்ஜி கோஹி என்ற தளமும் உண்டு. கோஹி என்றால் காப்பி. மௌனமாகக் காத்திருப்பது என்பதால் இதுவும் முல்லை. உரையாசிரியர்கள் மாறுபடலாம்.

மருதத்துக்கு நிலம் செயலிக் கடை, பொழுது வைகறை. உரிப்பொருள் ஊடல். தலைவன் பரத்தை வீடு சென்று விடியலில் திரும்புவது பழைய மருதம். பழகுகிறவன் புதுக் கருவி வீடு சென்று திரும்புவது புது மருதம். அங்கே எழுத்துரு அழகாக இருந்தது என்பான். சரியான விடைக்குக் காகிதப் பூ பறந்தது என்பான். முதல் ஐந்து பாடமும் ‘அ, இ, உ’தான். அதைத் தெரிந்துகொண்டே மறுபடி படித்து, நூற்றுக்கு நூறு வாங்கி, மகிழ்ந்திருப்பான். பழைய கருவி சும்மா இருக்காது. ‘உங்களைக் காணோமே’ என்று வாயில் விடும். பாணன் வேலையை மின்னஞ்சல் பார்க்கிறது. எனக்கு ஒன்று 213 நாள் தொடர்ச்சி அறுந்துபோனதற்குத் துக்கம் விசாரித்து எழுதியது, கீழே தள்ளுபடி விலை போட்டு. 2017 முதல் ஜப்பானியம் கற்றுத்தரும் டுவோலிங்கோவின் ஆந்தை இப்படி நச்சரிப்பதை வைத்து உலகமே கேலி செய்கிறது. அந்த நிறுவனமும் கூடச் சேர்ந்து சிரிக்கிறது. ஊடலை வியாபாரமாக்கத் தெரிந்தவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பதினான்கு கணக்கு எப்படி வந்தது என்ற கேள்விக்கு இதுவே விடை.

நெய்தல் என்பது கடலும் கடல் சார்ந்த இடமும். கடல் என்றது உண்மையான எழுத்துப் பரப்பை, பழகுகிறவனுக்காக எழுதப்படாததை. இங்கே பயன்படும் கருவி ஒன்றுதான்: வலை. உலாவியில் அதைப் பொருத்திக்கொண்டு சொல்லின்மேல் எலிச்சுட்டியை வைத்தால் போதும், உச்சரிப்பும் பொருளும் துள்ளிக்கொண்டு மேலே வரும். ரிகாய்ச்சான் இவ்வழியில் மூத்தது. ரிகாய் என்றால் புரிதல். யோமிச்சான் 2023இல் நிறுத்தப்பட்டு, இப்போது ‘யோமிதான்’ என்ற கருவி அந்த வலையை வீசுகிறது; யோமி என்றால் வாசிப்பு. பெரும்பாலான வலைகளின் நூல் ஒரே இடத்தில் திரித்தது. மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜிம் பிரீன் 1991இல் தொடங்கிய இலவச அகராதித் திட்டம் அது. ஆயிரம் கருவிகள் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டு பரிமாறுவது அந்த ஒரு சமையலைத்தான். மனிதர் கூலி கேட்டதாகத் தெரியவில்லை.

மீன் பிடிக்கும் இடங்கள் இரண்டு சொல்கிறேன். எளிய ஜப்பானியத்தில் செய்தி தருவதற்கென்று ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே 2012இல் தொடங்கிய பக்கம் ஒன்று. காப்புரிமை முடிந்த இலக்கியத்தைத் தன்னார்வலர்கள் தட்டச்சிட்டு ஏற்றும் அவோசோரா புன்கோ இன்னொன்று. 1997 முதல் இருக்கிறது, நீலவான நூலகம் என்று பொருள். நட்சுமே சோசெகியின் பூனை நாவல் அங்கே முழுதாக, இலவசமாகக் கிடக்கிறது. நான் முதல் பத்தியில் கிடக்கிறேன்.

கான்ஜியின் தலைமேல் பொடி எழுத்தில் உச்சரிப்பைக் கானாவில் எழுதிவைக்கும் வழக்கத்துக்கு ஃபுரிகானா என்று பெயர். அகத்திணையில் இதற்குச் சரியான இடம் தோழி. தலைவி வாய்திறக்காமல் நிற்பாள். பக்கத்தில் நிற்கும் தோழி அவளுக்காகப் பேசுவாள். இதில் வரும் கேடு யாரும் எதிர்பார்க்கக்கூடியதே. ஆறு மாதம் எளிய செய்திகள் வாசித்தேன், வேகமாக, பெருமையாக. ஒரு நாள் ஃபுரிகானாவை மறைக்கும் பொத்தானில் விரல் பட்டது. தலைவியை நான் ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்த்திருக்கவில்லை. வலையும் அப்படித்தான். கரையிலிருந்து வீசுகிறவன் கால் நனையாது. ஒரு முழுக் கட்டுரையைச் சுட்டியாலேயே தடவி முடித்துவிட்டு, அதில் இருந்த ஓர் எழுத்தையாவது இப்போது எழுதிக் காட்டு என்று யாராவது கேட்டால் இரங்கல் தொடங்கும்.

பாலைக்குத் தனி நிலம் கிடையாது. குறிஞ்சியும் முல்லையும் வறண்டால் அதுவே பாலை. நான்கு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு நண்பகலில் கருவியைத் திறந்தேன். காத்திருக்கும் மீட்டல்கள் 1143. மூடினேன்.

அன்பின் ஐந்திணை இவ்வளவே. ஒருபக்கக் காதலான கைக்கிளைக்குக் கையால் வரைந்து காட்டச் சொல்லும் கருவிகள். விரலால் கண்ணாடியில் வரைவோம், அது கண்டுகொள்ளாது. கோடுகளின் வடிவம் மட்டும் சரியாக இருந்தால் போதாது, வரிசையும் வேண்டும். ‘இடம்’ என்ற கான்ஜிக்கும் ‘வலம்’ என்ற கான்ஜிக்கும் மேல்பாதி பார்க்க ஒன்றே: ஒரு படுக்கைக்கோடு, ஒரு சாய்கோடு. இடத்தில் படுக்கைக்கோடு முதலில் வர வேண்டும். வலத்தில் சாய்கோடு முதலில் வர வேண்டும். ஏன் என்று கேட்டால் பழைய எழுத்து வடிவத்தில் கை எந்தப் பக்கம் நீண்டது என்று தொடங்கி ஒரு மணி நேரம் பேசுவார்கள். எனக்கு நேரில்கூட இடம் வலம் தடுமாறும், ஆட்டோக்காரர்கள் சாட்சி.

பொருந்தாக் காமமான பெருந்திணைக்குப் புறமாகக் காஞ்சித் திணையை வைத்தது தொல்காப்பியம். காஞ்சி பாடுவது நிலையாமையை. கான்ஜியைக் கண்டு பெயர் வைத்தார்களோ என்று நான் பல இரவு யோசித்ததுண்டு. கற்றது எதுவும் நிலைப்பதில்லை என்பதில் அப்படியொரு பொருத்தம். ஜப்பானியருக்கே கான்ஜி அறிவைச் சோதிக்கும் கன்கென் என்ற தேர்வு 1975 முதல் நடக்கிறது. அதன் முதல் நிலைக்கு ஏறக்குறைய ஆறாயிரம் எழுத்து தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பழக்கும் கருவிகளைத் தேடிப்போகும் வெளிநாட்டார் உண்டு. மனச்சோர்வைக் குறிக்கும் ‘உட்ஸு’ என்ற கான்ஜிக்கு 29 கோடு. அன்றாடப் பட்டியலில் அதை 2010இல்தான் சேர்த்தார்கள். அதற்குமுன் ஜப்பானியர் கானாவில் சோர்ந்திருக்கலாம். இந்த ஒற்றை எழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன் என்று என்னிடம் பெருமைப்பட்டவர் ஒருவருக்கு, கழிவறை எங்கே என்று கேட்க ஜப்பானியத்தில் வராது.

புறனடை. எழுத்தின் ஒலியைச் சரியாகச் சொன்னால் கூழ்ப்பூதம் சாகும் என்ற வகை விளையாட்டுகள், ஸ்லைம் ஃபாரஸ்ட் போன்றவை, போர் ஆதலின் வெட்சியிலோ தும்பையிலோ போகும். அதற்கு இன்னொரு நூல் வேண்டும்.

இவ்வளவையும் எழுதி, பக்க எண் போட்டு, அண்ணன் மகளுக்கு அனுப்பினேன். படித்தாளா என்று தெரியவில்லை. பதிலாக ஒரு படம் வந்தது. நாகோயாவில் ஏதோ தெருமுனை. தலைகீழாக நிற்கும் சிவப்பு முக்கோணப் பலகை, அதில் வெள்ளையில் மூன்று எழுத்து. அடியில் வேறு என்ன இருந்ததோ, கத்தரித்திருந்தாள். “சித்தப்பா, ஆப் எதையும் தொறக்காம படிங்க பாப்போம்.”

முதலெழுத்து கான்ஜி. பார்த்த முகம். எரிந்துபோன எழுத்துகளில் ஒன்று; நிற்றல், நிறுத்தல் என்று ஞாபகம். இரண்டாவது ‘ம’. சந்தேகமில்லை. மூன்றாவதில் இடப்பக்கம் நின்ற கோடு, அதை வெட்டி மடிந்து எழும் கோடு. ‘நெ’யா, ‘ரெ’யா, ‘வ’வா? திரையில் இரண்டு விரல் வைத்து விரித்தேன். படம் மங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். நிற்றலுக்கு என்ன உச்சரிப்பு என்பது அந்த வாலில் அல்லவா இருக்கிறது? நெ என்றால் ஒரு சொல்லும் அமையவில்லை. வ என்றாலும் இல்லை. தொ, ம, ரெ. தொமரெ. நில்.

“நில்” என்று தட்டி அனுப்பினேன். நாலு நிமிஷம் ஆகியிருந்தது.

“இந்நேரம் ரெண்டு சிக்னல் தாண்டியிருப்பீங்க சித்தப்பா” என்று உடனே வந்தது.

படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். வால் வெளியேதான் தெறித்திருந்தது.